மேல்துணிக்கு முன்னால் கீல்

புதுச்சேரியில் வீட்டுக்குள் மடக்கு மேசை போட்டுச் சீட்டாடும் குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும்,

மடக்குச் சீட்டு மேசை அடியிலிருந்து கெடும் பொருள். முதலில் கீல் தளரும். அடுத்துக் கால் ஆடும். பிறகு பலகை ஈரம் குடித்து உப்பும். துணி கடைசியில்தான் கிழியும். நீங்கள் அதைச் சீர்செய்யும் வரிசையோ மேலிருந்து தொடங்குகிறது. முதலில் புதுத் துணி, அடுத்து டம்ளர் வைக்கும் ஸ்டீல் குழிகள், அதற்கடுத்து விளிம்பைச் சுற்றி எல்இடி பட்டை. மூன்றுக்கும் செலவழித்து முடித்தபின் யாராவது ஒருவர் முழங்கையை ஊன்றினால், எதிர்ப்பக்கம் அடுக்கி வைத்த சில்லுகள் சரிகின்றன. போக்கருக்கென்று வாங்கிய மேசையானாலும், வருஷம் முழுக்க ரம்மிக்கே பயன்படும் மேசையானாலும் கதை இதுதான்.

இந்த வரிசையால் உங்கள் பணம் வீணாவது ஒரு பக்கம். ஒரு தொழிலாளியின் பெயரும் சேர்ந்து கெடுகிறது. துணி ஒட்டி, ரெக்சின் இழுத்துக் கட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் தச்சரைக் கூப்பிடுகிறீர்கள். "கொஞ்சம் ஆடுது, ரெண்டு ஸ்குரூ போட்டுக் கொடுங்க" என்பதோடு அவருக்கான வேலை முடிந்துவிடுகிறது. புதுத் துணியைப் பிரிக்க அவருக்கு அனுமதி இல்லை. பிடி இழந்த பலகையில், பழைய துளையிலேயே, சற்றுப் பருத்த ஸ்குரூ ஒன்றை ஏற்றிவிட்டுப் போகிறார். சில வாரங்களில் மேசை மறுபடி ஆடுகிறது. "இப்போ எல்லாம் தச்சு வேலை சரியில்லை" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அடித்தளத்தைத் தொட விடாமல் அடித்தளம் சரியில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

புதுச்சேரியில் இந்த மேசை படும் பாடும் தனி. ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. சீட்டுக்கட்டு வெளியே வரும் காலமும் அதுவே. தீபாவளி இரவுக்கு மேசையை விரிக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாராவாரம் ஆடுகிறீர்கள். பொங்கலுக்குப் பின் மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடுகிறீர்கள். தமிழர் வீதிகளின் பழைய வீடுகளில் அந்தச் சுவர் பெரும்பாலும் தாழ்வாரத்துச் சுவர். சாரல் நேரே வந்து அடிக்கும். கடற்கரையை ஒட்டிய வீதிகளில் சாரல் இல்லாத மாதங்களிலும் உப்புக் காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தண்ணீர் புகுந்த வீடுகளில், தரையோடு நின்ற மரச்சாமானின் அடிவிளிம்பைத்தான் அது முதலில் தொட்டது. வறண்ட ஊரில் பத்தாண்டு உழைக்கும் பலகை இங்கே அவ்வளவு காலம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மேசை சீர்செய்யத் தக்கதா என்பது. அளவிலிருந்து தொடங்குங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பவை இரண்டு வகை: குறுக்கே 48 அங்குலம் உள்ள எண்கோண மேசை, 84-க்கு 42 அங்குல நீள்வட்ட மேசை. எண்கோணத்தில் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 அங்குலம். எட்டுப் பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். ஆறு பேர் ரம்மிக்குச் சுகமாக இருக்கும். பக்கங்கள் நேராகவும் முனைகள் அரைவட்டமாகவும் உள்ள நீள்வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 216 அங்குலம். பத்துப் பேருக்கு என்று சொல்லி விற்றாலும் தலைக்கு 21 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல்தான் கிடைக்கும். எட்டுப் பேர் என்றால் 27 அங்குலம். உங்கள் வீட்டில் வழக்கமாக எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள். இடம் போதாத மேசைக்கு எவ்வளவு நல்ல துணி போட்டாலும் இடம் கூடாது.

அடுத்தது பலகை. மேசையைக் கவிழ்த்து, கீல் ஸ்குரூக்களைச் சுற்றியுள்ள இடத்தை விரல் நகத்தால் அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தாலோ, மெத்தென்று அமுங்கினாலோ அது ஈரம் குடித்த பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்டிஎஃப். அதில் இனி எந்த ஸ்குரூவும் நிற்காது. கால்களையும் ரெக்சினையும் கழற்றி வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்றுங்கள். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் தாள் ஒன்றிலேயே 84-க்கு 42 அங்குல நீள்வட்டம் முழுதாக வெட்டி எடுக்கலாம். கடையில் எம்ஆர் என்று தருவது வீட்டு ஈரத்தை ஓரளவு தாங்கும் தரம். கொதிநீரையும் தாங்கும் பசை கொண்ட தரத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை இருக்கும். தாழ்வாரத்தில் நிற்கப்போகும் மேசைக்கு இரண்டாவதே சரி. தடிமனில் பேராசை வேண்டாம். 18 மில்லிமீட்டரில் வெட்டினால் பலகை மட்டுமே ஏறத்தாழ 24 கிலோ வரும். 12 மில்லிமீட்டரில் 16 கிலோ. மெல்லிய பலகையை எடுத்து, அடியில் இரண்டு அங்குல அகலக் கட்டைகளை ஒட்டி விறைப்பாக்கினால், மாடிப்படியில் இருவர் தூக்கும் எடையிலேயே நிற்கும். வெட்டிய விளிம்புகளுக்கும் துளைகளின் உள்சுவருக்கும் இரண்டு கை வார்னிஷ் கொடுக்கச் சொல்லுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டுவாயால்.

பலகை உறுதியாக இருந்தால் கீலுக்கு வரலாம். கவனிப்பே இல்லாத உறுப்பு இதுதான். இரண்டு சோதனைகள் போதும். ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மடிப்புக் கோட்டை ஒட்டி வையுங்கள். ஒருவர் மேசையின் நீள்முனையில் முழங்கை ஊன்றட்டும். தண்ணீர் சிந்தினால் மடிப்பு அசைகிறது. பிறகு ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு விரலால் மடிப்பின் குறுக்கே தள்ளுங்கள். சீட்டின் முனை தட்டி நின்றால் இரு பாதியும் ஒரே மட்டத்தில் இல்லை. இந்த இரண்டும் சரியாகும்வரை மேல்துணியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மடிப்பு ஏன் அசைகிறது என்பது எளிய கணக்கு. கடை மேசைகளில் பலவற்றில் கீல் அடியில் இருக்கிறது. நடுவில் பாரம் விழும்போது மேலே இரு பாதியின் விளிம்புகளும் ஒன்றையொன்று நெருக்கும். அடியில் கீல் இழுபடும். அந்த இழுவை முழுவதையும் தாங்குபவை அரை அங்குல ஸ்குரூக்கள். 12 மில்லிமீட்டர் பலகையில் அதைவிட நீளமான ஸ்குரூ போட இடமில்லை. ஆகவே மடிப்பின் இருபுறமும் கட்டை ஒட்டி, மடிப்பின் முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீல் வைத்து, ஸ்குரூவுக்குப் பதிலாக போல்ட், வாஷர், நட்டு போட்டு இறுக்க வேண்டும். முனையில் ஒருவர் சாய்ந்தால் நடக்கும் காரியம் இதற்கு எதிர்மாறு: நடு மேலெழும்பும். அதைக் கீல் தடுக்காது. மடிப்புக்குக் குறுக்கே அடியில் இரண்டு மரச்சட்டங்களைப் பொருத்தி, கையால் திருகும் இறக்கை நட்டுகளால் பூட்டினால் அடங்கும். ஆட்டத்துக்கு முன் இரண்டு நிமிஷ வேலை அது.

உப்புக் காற்றுக்குப் பித்தளை அல்லது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டு போகலாம். கீல் அதை இறுகப் பிடித்துக்கொண்டால் அது பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு, இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். பித்தளைக்கு முன்னோடியும் உண்டு. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மடக்குச் சீட்டு மேசைகளில் கீல் பலகையின் பக்கவிளிம்பில் பித்தளையாகப் பதிந்திருக்கும். துணி உட்புறமாக மடிந்து தூசு படாமல் கிடக்கும். விரித்த பாதியைத் தாங்க ஒரு கால் பின்பக்கம் திரும்பி வந்து நிற்கும். இன்றைய கடை மேசையில் பெரும்பாலும் கால் உள்ளே, துணி வெளியே. பழைய தச்சர்கள் யோசித்து வைத்ததை விலைக்காக விட்டுவிட்ட இடம் அது. உங்கள் தச்சரிடம் விஷயத்தைச் சொன்னால், உட்புறம் மடியும்படி மாற்ற முடியுமா என்று அவரே பார்த்துச் சொல்வார்.

கால்களில் பார்க்க வேண்டியவை மூன்று: மடக்கும் இடத்தின் ரிவெட், விரித்தபின் பூட்டும் வளையம், தரையைத் தொடும் ரப்பர் புஷ். ரிவெட் தளர்ந்திருந்தால் அதைத் துளைத்து எடுத்துவிட்டு போல்ட் போடலாம். ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் நான்கையும் ஒருசேர மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மேசை புதிதாக ஆடத் தொடங்கும். உயரத்தையும் இந்தக் கட்டத்திலேயே அளந்துவிடுங்கள். வழக்கமான மேசை உயரம் 30 அங்குலம். உங்கள் வீட்டில் உட்காருவது கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்றால், அடியில் கட்டை ஒட்டிய பிறகும் அந்தக் கைப்பிடி மேசைக்குக் கீழே நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் ஆடுபவர் ஒரு சாண் தள்ளியே உட்கார வேண்டும். பாதி ராத்திரியில் முதுகு சொல்லிவிடும்.

இனி கை வைக்கும் விளிம்பு. இணையத்தில் விற்கும் உறைகளில் பல, பியு எனப்படும் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். தொட மென்மையாக இருக்கும். ஆனால் காற்றின் ஈரமே அந்தப் பூச்சைச் சிதைக்கும். சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்து, விடிகாலையில் ஆட்டம் முடியும்போது எல்லார் முழங்கையிலும் கறுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். பிவிசி ரெக்சின் அவ்வளவு மென்மை இல்லை, கோடையில் வியர்க்கும். ஆனாலும் இந்த ஊர் ஈரத்தில் உரியாது. இதற்குத் தனிக் கைவினைஞரைத் தேடி அலைய வேண்டாம். இருசக்கர வண்டிகளுக்கு சீட் தைக்கும் கடைக்குப் பலகையைக் கொண்டுபோங்கள். வளைவான ஃபோமின்மேல் ரெக்சினைச் சுருக்கம் விழாமல் இழுத்து, அடியில் பின் அடிப்பது அவர்களின் அன்றாட வேலை. வண்டி சீட்டின் மூக்கு வளைவைவிட மேசையின் நீள்வட்டம் அவர்களுக்குச் சுலபம்.

டம்ளர் குழி போடும் ஆசை எல்லாருக்கும் உண்டு. துளை போடுமுன் உங்கள் வீட்டுப் பாத்திரத்தை அளந்து பாருங்கள். ஸ்டீல் குழிகளில் சில, 66 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய டப்பாவை மனத்தில் வைத்துச் செய்தவை. வாய் அகன்ற காப்பி டம்ளர் அதில் பாதியில் சிக்கி நிற்கும். டபரா உட்காரவே உட்காராது. 650 மில்லி பீர் பாட்டிலும் இறங்காது. பத்துக் குழி என்றால் விளிம்புப் பலகையில் பத்துத் துளை, தண்ணீர் புகப் பத்து வழி. இரண்டு ஆட்களுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டால் டம்ளரும் முறுக்குத் தட்டும் அதிலேயே இருக்கும். மேசைக்கு ஒரு துளையும் வேண்டாம். எல்இடி பட்டைக்கும் இதே நியாயம்: மடிப்பைத் தாண்டி ஓடும் ஒயர், மடிக்க மடிக்க உள்ளே அறுந்துபோகும். மேலே ஒரு நல்ல விளக்கு போடுங்கள்.

இத்தனையும் முடிந்தபின் துணி. சாதாரணக் கம்பளித் துணியில் சீட்டு சறுக்காது, தேநீர் பட்டால் கறை நிற்கும், பூச்சி அரிக்கும். சீட்டு மேசைக்கென்றே பாலியஸ்டரில் நெய்து, தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்த துணி கிடைக்கிறது. சிந்தியது முத்தாக உருண்டு நிற்கும், துடைத்தெடுத்துவிடலாம். அதற்கடியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் ஃபோம் தேவை. அது இல்லாவிட்டால் பலகையோடு படிந்த சீட்டை நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். அப்படி நெம்பும்போது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் சீட்டின் முகம் பட்டுவிடும். ஃபோமை மிகையாக வைத்தால் சில்லு அடுக்கு சாயும். துணியை மேசையைவிட நாலாபுறமும் ஒரு சாண் கூட்டி வெட்டி, இஸ்திரி போட்டு, நீளப் பக்கங்களின் நடுவில் முதல் பின், குறுகிய பக்கங்களின் நடுவில் அடுத்த பின் என்று எதிரெதிராக இழுத்து வந்தால் சுருக்கம் வளைவை நோக்கித் தள்ளப்பட்டு மறையும். மடிப்பு உள்ள மேசைக்கு இரண்டு பாதிக்கும் தனித்தனித் துணி போட்டு விளிம்பைச் சுற்றி அடியில் மடக்குங்கள். ஒரே துணியாகப் போட்டால் வெளிப்புறம் மடியும்போது இழுபட்டுப் பிய்யும்.

உங்கள் மேசைக்குத் தனி அடையாளம் வேண்டும் என்ற ஆசைக்கு இடம் நிறத்தில் இருக்கிறது. படங்களில் பார்க்கும் அயல்நாட்டுச் சூதாட்டக் கூடங்களின் முத்திரைகளை அச்சடித்தால் அவற்றின்மேல் விழும் சீட்டு கண்ணுக்குச் சட்டென்று படாது. ஒரே நிறத் துணியே நல்லது. இந்த ஊருக்கு ஒரு நிறம் சொந்தமாகவே இருக்கிறது. கினே எனப்பட்ட அவுரி நீலத் துணி புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே கோந்து வாங்கும் வணிகத்தில் பணம்போலவே கைமாறியது. அந்தக் கருநீலத்தின்மேல் இஸ்பேடும் ஆட்டினும் தெளிவாகத் தெரியும்.

ஒரு மாற்றத்தை மட்டும் செய்யாதீர்கள். சூதாட்டக் கூடங்களின் மேசையில், சீட்டுப் போடுபவர் முன் ஒரு நீள்துளை இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் கூடத்தின் பங்கு அதற்குள் விழும். அழகுக்காக அதையும் வெட்டச் சொல்பவர்கள் உண்டு. 1967இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்றது. நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் நிலைமை வேறு என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. வீட்டில் புளியங்கொட்டையோ சில்லோ வைத்து ஆடுவது ஒன்று. வீட்டுக்காரர் ஆட்டத்துக்கு ஆட்டம் பங்கு எடுப்பது வேறு. முதல் வகை மேசைக்கு இரண்டாம் வகையின் அடையாளம் எதற்கு?

சீர்செய்த மேசையைப் பத்திரப்படுத்துவதும் சீர்செய்ததில் சேர்ந்ததே. வெளிச்சுவரை விட்டு உள்சுவரோரம், இரண்டு அங்குலக் கட்டைகளின்மேல் நிறுத்துங்கள். தரை ஈரம் எட்டாது. பிளாஸ்டிக் தாள் சுற்றினால் உள்ளே ஈரம் அடைபடும். மூச்சு விடும் கனத்த பருத்தி உறை தைத்துப் போடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது விரித்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய், போல்ட்டுகளுக்கு ஒரு திருகு. அதற்குமேல் பராமரிப்பு இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இந்த வருஷம் துணிக்குப் பணம் கட்டுமுன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மேசையைக் கவிழ்த்துப் போடுங்கள். தச்சரையும் சீட் தைப்பவரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பார்த்துக்கொள்வார். பார்த்துச் சொல்வதற்கே ஒரு கூலி கொடுங்கள். ஸ்குரூ எண்ணிக்கைக்கு மட்டும் கூலி கொடுத்தால் ஸ்குரூ மட்டுமே கிடைக்கும். பலகை, கீல், கால், விளிம்பு, துணி என்ற வரிசையில் செலவழியுங்கள். பணம் நடுவில் தீர்ந்தால் மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு விடுங்கள். பழைய துணியோடு ஆடாமல் நிற்கும் மேசையில் ஆடலாம். தீபாவளி இரவில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை மடிப்புக்கருகே வைத்து, எட்டுப் பேரும் முழங்கையை ஊன்றுங்கள். ஒரு சொட்டும் சிந்தாவிட்டால், அப்போது துணிக்கு ஆர்டர் கொடுக்கலாம்.